பின்கட்டு

தொண்டியில் வாங்கியது. லூர்துசாமியின் பைபர் படகு,
பதினாறடி, இடது விலாவில் ஒட்டுப்போட்ட தழும்பு.
காளையார்கோவில் தாண்டி ஒரு போலீஸ்காரர்
டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"கடலில்லாத ஊருக்கு இதெதுக்கு?"
"மாடக்குளத்துல மீன் குத்தகைங்க."
"கண்மாயில தண்ணி கெடக்கா?"
"இந்த வருசம் கெடக்கு" என்றேன்.
அந்த மூன்று சொல்லை நம்பித்தான்
என் வளையல் இரண்டும் சொசைட்டியில் தூங்குகின்றன.

வண்டி, தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில்
ஆளேற்றிய பழைய வேன்.
நாலு சக்கரமும் இழுக்கும் என்று சொல்லி விற்றார்கள்.
மதுரைத் தெருவில் அதற்கு என்ன வேலை?
கியருக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் குட்டைக் கம்பியில்
சோணைமுத்து தன் துண்டைத் தொங்கவிடுவார்.

விடிகாலை கரைக்கு வந்தோம்.
"சக்கரக் குடம் ஆறட்டும்,
சூட்டோட எறக்குனா பேரிங்கு தண்ணியைக் குடிச்சிரும்"
என்று லூர்துசாமி சொல்லியிருந்தார்.
ஆளுக்கு ரெண்டு உளுந்தவடை ஆகும் நேரம் ஆறவிட்டோம்.

ட்ரெய்லரைப் பின்னால் தள்ளுவது தனிக் கணக்கு.
படகு இடது போக
ஸ்டீரிங் வலது போகவேண்டும்.
பதினெட்டு வருசமாக இந்த மனுசனோடு
இதே கணக்கில்தான் பேசிவருகிறேன்.
ஆனாலும் "லெப்ட்டு, லெப்ட்டு" என்றே கத்தினேன்.
"யாரு லெப்ட்டு?" என்றார் தலையை நீட்டி.
ஆட்டோ கழுவ வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு
மூன்றாவதாக ஒரு லெப்ட்டு சொன்னார்.

எப்படியோ கரம்பையில் இறங்கியது.
தண்ணீர் டயரை விழுங்கி, அச்சை நனைத்து,
சைலன்சர் வாயில் வந்து குமிழிவிட்டது.
முன்கொக்கியைக் கழற்றினேன்.
கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு தள்ளினேன்.
படகு போகவில்லை.
எழுந்தது.
எழும்போது ட்ரெய்லரையும் சேர்த்துத் தூக்கியது.
ட்ரெய்லர் வேனின் பிட்டத்தைத் தூக்கியது.
பின்சக்கரம் ரெண்டும் வெறுமனே சுற்றி
சேற்றை வாரி என் முகத்தில் அப்பின.

பின்கட்டு.
லூர்துசாமி மகன் முறுக்கி முறுக்கி இறுக்கிய நைலான் பட்டை.
அதை அவிழ்க்கவேண்டியது நான்.

தொண்டியிலிருந்து நாங்கள் இழுத்து வந்ததை மறந்து
இப்போது அது எங்களை இழுத்தது,
அங்குலம் அங்குலமாக, சத்தமே இல்லாமல்,
கடனில் பாதியையும்
கடனின் மறுபாதியையும்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.
முதன்முதலாக அந்தக் கம்பியை அசைத்தார்.
அடியில் ஏதோ கடகடத்து மாட்டியது.
முன்சக்கரங்கள் கரையைக் கவ்வின.
வண்டி வெளியே வரவுமில்லை,
உள்ளே போகவுமில்லை.

அது போதும் எனக்கு.
ஆகாயத்தாமரை அறுக்கக் கொண்டுவந்த பன்னரிவாள்.
மார்பளவு தண்ணீர்.
காலுக்குக் கீழே எதுவோ வழுக்கி விலகியது,
விராலாக இருந்தால் எங்கள் மீன்.
முதல் இழுப்பில் நைலான் மசியவில்லை.
இரண்டாவதில் பாதி.
மூன்றாவதை நான் இழுக்கவே இல்லை,
தானே அறுந்து என் காதோரம் விசிறிப் போனது.

ட்ரெய்லர் தொப்பென்று அடியில் உட்கார
வேன் முன்னால் பாய்ந்து
வாளியை நசுக்கி நின்றது.

நான் அங்கேயே நின்றேன்.
வழியெல்லாம் மேட்டுக்கு மேடு
எஞ்சினை உறுமவைத்த கனம்
என் இடுப்புக் கயிற்றின் மறுமுனையில்
எடையே இல்லாமல்
நாகமலைப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது.
சுண்டுவிரலால் இழுத்தேன். வந்தது.
விட்டேன். போனது.
இன்னொரு தடவை இழுத்தேன், சும்மா.

கரையில் அவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்,
வாளிக்கு நூற்றைம்பது கேட்கிறாராம்,
பிடி உடைந்த பழைய வாளிக்கு.